எந்த அதிகாரத்தின் பேரில்?

பிக்கரிங் வீட்டு நிலவறை ஒன்றில் எழுந்த கேள்வி. கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை பலமுறை போய்த் திரும்பிய கேள்வி.

பங்குனி மாதத்துப் பனி முற்றாகக் கரைந்திராத ஒரு சனிக்கிழமை மாலையில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங் நகரில், கிங்ஸ்ரன் வீதிக்குத் தெற்கேயுள்ள ஒரு வீட்டின் நிலவறையில், தேநீர்க் கோப்பைக்கும் கணினிக்கும் இடையில் கிடந்த ஒரு கடிதத்தை நண்பர் ஒருவர் என் பக்கமாக நகர்த்தினார். ஆறு பேரை வேலைக்கு வைத்து அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்து கொடுக்கும் சிறு கொம்பனியொன்றின் ஏக உரிமையாளர் அவர். அந்த நிலவறைதான் கொம்பனியின் காரியாலயம். சுவரோரமாக அடுக்கியிருந்த நான்கு காகிதப் பெட்டிகள்தாம் அதன் ஆவணக் களஞ்சியம். ஊரார் வாயில் சி.ஆர்.ஏ. என்று வழங்கும் கனடா வருவாய் முகவரகம், அந்தக் கொம்பனியின் இரண்டு வருஷக் கணக்குகளைப் பரிசோதிக்கத் தீர்மானித்திருப்பதாகவும், பேரேடு, வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டு முதலியவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும்படியும் அக்கடிதம் வெகு மரியாதையான வாசகங்களில் கேட்டிருந்தது.

"அண்ணை, என்ர கொம்பனிக் கணக்கைத் திறந்து பார்க்க இவைக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?" என்று கேட்டார் நண்பர்.

மேலே சமையலறையிலிருந்து அவருடைய மாமனார், "மடியிலை கனமில்லாட்டி வழியிலை என்ன பயம், தம்பி?" என்று பழமொழியால் பதில் சொன்னார். நம்மவரிடையே வரி விஷயம் எழும்போதெல்லாம் இந்தப் பழமொழியும் கூடவே எழுந்துவிடுகிறது. ஆனால் அது வழிப்பறிக் கள்வரை மனத்தில் வைத்துச் சொன்ன பழமொழி. கள்வனிடம் போய் உன் அதிகாரம் யாது என்று எவரும் கேட்பதில்லை. சட்டத்தின்படி ஆளப்படுகிற ஒரு தேசத்தில், மடியில் கனமுள்ளவனும் இல்லாதவனும் ஒருங்கே கேட்கத்தக்க கேள்வி அது. கேட்டவன் தோற்றாலுங்கூட, அந்தக் கேள்வி தேசத்துக்கு ஏதோ ஒரு நன்மையைச் செய்துவிட்டே அடங்கியிருக்கிறது என்பதைக் கனடாவின் கடந்த நாற்பது வருஷ வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அதிகாரத்தின் ஊற்றுக்கண்

கணக்காய்வாளர் ஒருவருடைய கையில் இருக்கும் அதிகாரம் அவருக்குச் சொந்தமானதன்று. எந்த முறையிலும் எவ்வகையிலும் வரி விதித்துப் பணம் திரட்டும் உரிமையை 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் தன் 91ஆம் பிரிவில் மத்திய நாடாளுமன்றத்துக்கு வழங்கியது. முதலாம் உலகப் போரின் செலவு தாங்கமாட்டாமல் 1917இல் நிதியமைச்சர் தோமஸ் வைற் கொண்டுவந்த வருமானப் போர்வரிச் சட்டத்தின் வழித்தோன்றலே இன்றைய வருமான வரிச் சட்டம். அச்சட்டம் தன் பரிபாலனத்தைத் தேசிய வருவாய் அமைச்சரிடம் ஒப்படைக்கிறது. அமைச்சர் தம் அதிகாரங்களை உத்தியோகஸ்தருக்குப் பகிர்ந்தளிக்க 220ஆம் பிரிவு இடந்தருகிறது. அவ்வாறு அதிகாரம் பெற்றவர் எவரோ அவரே 231ஆம் பிரிவு சொல்லும் 'அதிகாரம் பெற்ற ஆள்'. ஆகவே, நண்பருடைய கதவைத் தட்டப்போகிற கணக்காய்வாளர் அம்மையார் நாடாளுமன்றம், அமைச்சர், முகவரகம் என்று மூன்று படி இறங்கி வந்து நிற்கிறார். இவற்றில் ஒரு படி இல்லாமற் போனாலும் அவர் நம்மைப் போல் வீதியிற் போகிற ஒரு மனிதரே.

அந்தப் படிகள் சரியாக அமைந்திருக்குமானால் அவருடைய அதிகாரம் சாமானியமானதன்று. நியாயமான எந்த வேளையிலும், சட்டத்தை நிர்வகிக்கவோ நிறைவேற்றவோ வேண்டிய எந்த நோக்கத்துக்காகவும், ஒரு நிறுவனத்தின் ஏடுகளையும் ஆவணங்களையும் சரக்கிருப்பையும் பரிசோதிக்கலாம், வியாபாரம் நடக்கும் இடத்திற் பிரவேசிக்கலாம் என்கிறது 231.1ஆம் பிரிவு. எழுத்து மூலம் கோரிக்கை விடுத்து எந்தத் தகவலையும் எந்த ஆவணத்தையும் வரவழைக்கலாம் என்கிறது அதற்கடுத்த பிரிவு. கொடுக்க மறுப்பவர்மேல் குற்ற வழக்குத் தொடரலாம். 1,000 டொலர் முதல் 25,000 டொலர் வரை அபராதமும், அதனோடு பன்னிரண்டு மாதம் வரை சிறையும் விதிக்க 238ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. எச்.எஸ்.ரி. எனப்படும் விற்பனை வரிக்கு வேறொரு சட்டத்தில் இதே சாயலுள்ள பிரிவுகள் உண்டு.

இத்தனையும் ஏட்டில் எழுதப்பட்டிருக்க, வருமான வரியே செல்லாது, போர் முடிந்ததோடு அது முடிந்துவிட்டது, 'இயற்கை மனிதன்' என்று கையெழுத்திட்டால் சட்டம் நம்மைத் தீண்டாது என்றெல்லாம் மண்டபம் வாடகைக்கு எடுத்துக் காசுக்குப் போதிப்பவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். 2012இல் அல்பேட்டா மாகாணத்து உயர்மன்றில், மீட்ஸ் தம்பதியின் விவாகரத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்த இணைத் தலைமை நீதிபதி றூக், இவ்வகை வாதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் திரட்டி, இவற்றுக்குச் சட்டத்தில் வேருமில்லை, விழுதுமில்லை என்று மிக நீண்டதோர் ஆராய்ச்சியே எழுதிவைத்தார். எந்த அதிகாரத்தின் பேரில் என்று கேட்பது வேறு. எந்த அதிகாரமும் கிடையாது என்று சாதிப்பது வேறு. முன்னது பிரஜையின் கடமை. பின்னது பிறருடைய பணத்தைக் கறக்கும் உபாயம்.

லொறிக் கொம்பனியும் பத்திரிகைக் காரியாலயமும்

1982இல் பிரசித்தமான உரிமைகள், சுதந்திரங்கள் பட்டயத்தின் 8ஆம் பிரிவு, நியாயமற்ற சோதனையினின்றும் பறிமுதலினின்றும் எவரையும் காக்கிறது. பட்டயம் வந்த அதே ஆண்டில், வர்த்தகப் போட்டிச் சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரிகள், சௌதம் நிறுவனத்துக்குச் சொந்தமான எட்மன்ரன் ஜேர்னல் பத்திரிகையின் காரியாலயத்துக்குள் சோதனை போடப் புகுந்தார்கள். அவர்களுக்கு அனுமதி கொடுத்தவர் நீதிபதியல்லர். விசாரிக்கிற ஸ்தாபனத்தின் அங்கத்தவர் ஒருவர். 1984இல் ஹன்ரர் எதிர் சௌதம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்சபாதமற்ற ஒருவரின் முன்னனுமதி இல்லாத சோதனை நியாயமற்ற சோதனையாகவே கொள்ளப்படும் என்று தீர்த்தது. ஒரு கொம்பனியும் அந்தக் காப்பைக் கேட்கலாம் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

இந்தத் தீர்ப்பு வந்ததும், அப்படியானால் நீதிபதியின் ஆணை இல்லாமல் கணக்கைக் கேட்கும் வரி அதிகாரியும் பட்டயத்தை மீறுகிறார் அல்லவா என்று ஒன்ராறியோவின் லொறிக் கொம்பனியொன்று வாதாடியது. மக்கின்லி ரான்ஸ்போட் என்பது அதன் பெயர். வருவாய்த் துறை அனுப்பிய கோரிக்கைக் கடிதங்களுக்கு முழுவதும் இணங்காததால் குற்றஞ் சாட்டப்பட்ட அந்நிறுவனத்தின் வழக்கு 1990இல் முடிந்தது. ஆவணத்தைக் கேட்டு வாங்குவதும் ஒருவகைப் பறிமுதலே என்று ஒப்புக்கொண்ட நீதியரசி பேர்தா வில்சன், ஆயினும் அது நியாயமான பறிமுதல் என்று முடிவு செய்தார். காரணம் எளியது. இந்த நாட்டில் வரியைக் கணித்துச் சொல்பவன் வரி செலுத்துபவனே. அவனவன் சொன்னது சரிதானா என்று அவ்வப்போது பார்ப்பதற்கு வழியில்லையேல் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். அன்றியும், வியாபாரக் கணக்கேட்டில் ஒருவனுக்குள்ள அந்தரங்கம், அவனுடைய வீட்டிலும் உடலிலும் உள்ள அந்தரங்கத்தைப் போன்றதன்று. லொறிக் கொம்பனி தோற்றது. ஆனால் கணக்காய்வாளரின் அதிகாரம் எதன்மேல் நிற்கிறது என்பது, அது தோற்ற அந்தத் தீர்ப்பினால்தான் தெளிவாகச் சொல்லப்பட்டது.

ஆற்றுக்குக் கரைகள்

அகலமான ஆறாயினும் கரை உண்டு. முதற்கரை நண்பருடைய நிலவறையின் படிக்கட்டிலேயே தொடங்குகிறது. வியாபாரம் நடக்கும் இடம் ஒருவர் வசிக்கும் வீடாகவும் இருக்குமானால், வசிப்பவருடைய சம்மதம் இல்லாமல் கணக்காய்வாளர் உள்ளே காலெடுத்து வைக்கலாகாது. சம்மதம் கிடையாவிட்டால் நீதிபதியிடம் ஆணை பெற்றே வரவேண்டும். பிக்கரிங்கிலும் ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் நம்மவருடைய சிறு நிறுவனங்களிற் பல வீட்டு நிலவறையிலே பிறந்து அங்கேயே வளர்வன. ஆகையால் இந்த ஒரு வரி நமக்கு மிகவும் வேண்டியது. ஆனால் இதைக் கேடயமாக்கிக் கணக்கையே மறைத்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லலாம்; ஏட்டைத் தரமாட்டேன் என்று சொல்ல இயலாது. கணக்காளருடைய காரியாலயத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதே கண்ணியமான வழி.

இரண்டாவது கரை, ஒருவருடைய ஏட்டைச் சாக்கிட்டு ஊரார் எல்லாரையும் துழாவும் அதிகாரம் கிடையாது என்பது. வின்னிபெக் நகரத்து ஜேம்ஸ் றிச்சட்சன் நிறுவனத்திடம், அதன் வழியாகப் பண்டச் சந்தையில் வியாபாரம் செய்த வாடிக்கையாளர் அனைவருடைய விபரத்தையும் வருவாய்த் துறை கேட்டது. குறிப்பிட்ட எவர்மீதும் உண்மையான விசாரணை இல்லாதபோது அப்படிக் கேட்பது செல்லாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இரண்டு வருஷத்துக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பெயர் குறிப்பிடாத மூன்றாமவரைப் பற்றிய தகவல் வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. ஈபே சந்தையில் பெருவாரியாக விற்கும் கனடியர்களின் விபரத்தை, அது அமெரிக்கக் கணினிகளில் இருக்கிறது என்ற வாதத்தையும் கடந்து, முகவரகம் 2008இல் பெற்றுக்கொண்டது இந்த வாசல் வழியாகத்தான்.

மூன்றாவது கரையின் கதை ஒரே ஒரு விகுதியின் கதை. வரிக் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் உண்டென்றால், தேடுதல் ஆணையை நீதிபதி 'கொடுக்க வேண்டும்' என்று 231.3ஆம் பிரிவு முன்னர் கட்டாயப்படுத்தியிருந்தது. நீதிபதியின் விவேகத்துக்கு இடமில்லையென்றால் அவர் நடுவர் அல்லர், முத்திரை குத்தும் எழுத்தரே என்பதனால், 1993இல் பரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதாக்கியது. அதன் பின்னர் நாடாளுமன்றம் 'வேண்டும்' என்பதை எடுத்துவிட்டுக் 'கொடுக்கலாம்' என்று எழுதியது. ஒரு பிரஜையின் வாசற்கதவு அந்த 'லாம்' என்ற விகுதியிலே தொங்கிக்கொண்டிருந்தது.

நோக்கம் மாறும் கணம்

அதிகாரம் ஒரு நோக்கத்துக்காகவே தரப்படுகிறது என்பதை பிக்கரிங் மக்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1972இல் விமான நிலையம் கட்டப்போவதாகச் சொல்லி இந்த ஊரின் வடக்கே 18,600 ஏக்கர் நிலத்தை மத்திய அரசு சட்டப்படி சுவீகரித்தது. பண்ணைகள் போயின, குடும்பங்கள் போயின. விமானம் மட்டும் வரவேயில்லை. அங்கே விமான நிலையம் வராது என்று அறிவிக்க 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வரையிற் சென்றது. அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், எதற்காக என்றும் கேட்கவேண்டுமென்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

வரி விஷயத்தில் இதே பாடத்தைச் சொல்வது 2002ஆம் ஆண்டின் ஜார்விஸ் தீர்ப்பு. அல்பேட்டாவைச் சேர்ந்த விவசாயி ஒருவர், காலஞ்சென்ற தம் மனைவி வரைந்த ஓவியங்களின் விற்பனை வருமானத்தைக் காட்டவில்லை என்பது வழக்கு. கணக்காய்வாளராக வந்தவர் கேள்விகள் கேட்டுப் பதில்களைப் பெற்றார். அந்தப் பதில்களைக் கொண்டே பிற்பாடு குற்ற விசாரணை எழுந்தது. உச்ச நீதிமன்றம் இங்கே கோடு கிழித்தது. வரி எவ்வளவு என்று அறிவது நோக்கமாக இருக்கும்வரை கணக்காய்வாளர் பதிலைக் கட்டாயப்படுத்தலாம். ஆளைத் தண்டிப்பதே பிரதான நோக்கமாக மாறிய கணத்திலிருந்து அந்த அதிகாரங்கள் அவர் கையைவிட்டு நழுவுகின்றன. அதன்பின் நீதிபதியின் ஆணை வேண்டும். மௌனமாயிருக்கும் உரிமையும் உயிர் பெறுகிறது. ஆயினும் அந்தக் கணத்துக்கு முன்னர் முறையாகத் திரட்டப்பட்டதைக் குற்றப் புலனாய்வாளரிடம் ஒப்படைப்பதற்குத் தடையில்லை. எனவே, வந்திருப்பவர் யார் என்பதினும் எந்தப் பாத்திரத்தில் வந்திருக்கிறார் என்பதே பெரிய கேள்வி. 'இது கணக்காய்வா, குற்ற விசாரணையா?' என்ற ஆறு வயதுப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வியை வாய்திறந்து கேட்கக் கூச்சப்பட்டு நட்டப்பட்டவர் பலர்.

வாய் திறக்க வைக்கலாமா?

பிக்கரிங்கின் ஏரிக்கரையில் 1971இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அணுமின் நிலையத்தை அறியாதார் இல்லை. அங்கிருந்து 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் வரும் போர்ட் ஹோப் நகரில் யுரேனிய ஆலை வைத்திருக்கும் கமெக்கோ நிறுவனம், சஸ்காற்சுவான் மாகாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் சுவிற்சர்லாந்துக் கிளை நிறுவனத்தோடு நடந்த வியாபாரத்தை ஆராய்ந்த முகவரகம், ஏடுகளோடு திருப்தியடையாமல், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கவேண்டும் என்றது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தருகிறோம் என்றது நிறுவனம். 2017இல் பெடரல் நீதிமன்றமும், 2019இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. ஏட்டைப் பார்க்கும் அதிகாரத்துக்குள் ஆளை வாய் திறக்கவைக்கும் அதிகாரம் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

நிறுவனங்கள் கொண்டாடி முடிப்பதற்குள் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, 2022 டிசம்பரில் சட்டமாக்கிய திருத்தத்தின்படி, கணக்காய்வாளர் கேட்கும் தகுந்த கேள்விகள் அனைத்துக்கும், அவர் சொல்லும் இடத்திலோ காணொளி வாயிலாகவோ, வாய்மொழியாகவோ எழுத்திலோ பதில் சொல்லவேண்டும். ஒரு பெரிய நிறுவனம் வென்ற வழக்கின் விலையை இன்று நண்பரைப் போன்ற சிறு முதலாளியும் செலுத்துகிறார் என்று சொல்லலாம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முன்னர் ஊகத்திலே நடந்த காரியம் இன்று எழுத்திலே நிற்கிறது. எழுத்தில் நிற்பதைத்தான் நீதிமன்றம் அளந்து பார்க்கமுடியும்.

இந்தியாவிலும் இதே கதை

இது கனடாவுக்கு மாத்திரம் உரிய விநோதமன்று. இந்தியாவில் சேவை வரி இருந்த காலத்தில், இலாகா உத்தியோகஸ்தரே நிறுவனங்களுக்குப் போய்க் கணக்காய்வு செய்ய வழிவகுத்த விதியை, 2014இல் ட்ராவலைட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. தாய்ச் சட்டம் விசேஷ சந்தர்ப்பங்களிற் பட்டயக் கணக்காளரைக் கொண்டு தணிக்கை செய்ய மாத்திரமே இடங்கொடுத்திருக்க, அதன் வயிற்றிற் பிறந்த விதி தாயைவிடப் பெரிதாக வளர முடியாது என்பதே அடிப்படை. அரசாங்கம் விதியை மாற்றி எழுதியது; 2016இல் மெகா கேப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அதையும் தள்ளியது. பின்னர் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதன் 65ஆம் பிரிவிலேயே அதிகாரிகளின் தணிக்கை அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டது. பதினைந்து வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும், தொடங்கி மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும், ஆணையர் நீட்டித்தாலன்றி மிஞ்சலாகாது என்ற கட்டுப்பாடுகளும் கூடவே எழுதப்பட்டன. கேட்டவர்கள் தொல்லை கொடுத்தார்கள் என்று இலாகா சொல்லலாம். ஆனால் அந்தப் பதினைந்து நாள், கேட்டவர்களால் சம்பாதிக்கப்பட்ட பதினைந்து நாள்.

வெளுத்துப்போன சீட்டுகள்

நண்பர் மூன்று காரியம் செய்தார். கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், முகவரகத்தின் பொது எண்ணுக்கு அழைத்து, கடிதத்தில் கண்ட பெயருடைய அலுவலர் உண்டா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். சி.ஆர்.ஏ. என்று சொல்லிப் பரிசு அட்டையில் பணம் கேட்கும் மோசக்காரரிடம் நம்மூர் முதியவர்கள் பலர் ஏமாந்திருக்கும் காலத்தில், அதிகாரத்தைக் கேட்பது சட்ட அறிவு மாத்திரமன்று, தற்காப்புமாகும். அடுத்து, எந்த வருஷங்கள், எந்த வரிகள், எந்தப் பிரிவின் கீழ், இது கணக்காய்வு மட்டுந்தானா என்று நாலு வரியில் எழுதிக் கேட்டார். மூன்றாவதாக, வீட்டில் வேண்டாம், கணக்காளரின் காரியாலயத்தில் சந்திப்போம் என்றார். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. நாலுக்கும் நாலு வரியிற் பதில் எழுதினார். வந்த அன்று கேட்பதற்கு முன்னரே தம் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார்.

அதன் பிறகுதான் பெட்டிகள் திறக்கப்பட்டன. எரிபொருள் நிலையத்தில் வாங்கிய பற்றுச்சீட்டுகளை நண்பர் கற்றை கற்றையாக எடுத்து வைத்தார். வெப்பத்தால் எழுத்துப் பதியும் அந்த மெல்லிய தாளில் ஒரு காலத்தில் திகதியும் தொகையும் இருந்தன. நிலவறைச் சூளைக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் கிடந்ததில் எல்லாம் ஆவியாகி, வெறும் வெள்ளைத் தாளாய் மிஞ்சியிருந்தன. கணக்கேடுகளை ஆறு வருஷம் பத்திரப்படுத்தவேண்டும் என்கிறது 230ஆம் பிரிவு. செலவு என்று சொல்பவனே அதை நிரூபிக்கவேண்டும் என்பது இந்நாட்டு வரி நியாயத்தின் பால பாடம். அம்மையார் ஒரு சீட்டை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதிலை எவ்வளவு எண்டு போட்டிருக்கு?" என்று கேட்டார் கணக்காளர்.

எந்த அதிகாரத்தின் பேரில் என்று கேட்டு நாலு வரியில் விடை பெற்ற மனிதர், அந்த வெள்ளைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுப்பு அறிவித்தலுக்குத் தொண்ணூறு நாள் உண்டு, அதற்கப்பால் வரி நீதிமன்றம் உண்டு. ஆனால் அந்தத் தாளில் ஒரு எழுத்தும் இல்லை. திரும்பி வரும் வழியில், பழைய பற்றுச்சீட்டுகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைக்க நல்ல செயலி எது என்று கூடப் போயிருந்த என்னிடம் விசாரித்தார்.